கெர்னல் கேள்வி–பதில்: புராசஸ் குழுவும் கோர் பிணைப்பும்

இம்முறை வந்த கடிதங்களில் பல, ஒன்றோடொன்று தொடர்புடைய இரண்டு விஷயங்களைப் பற்றியவை. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் எப்படிக் குழு சேர்க்கிறது என்பது ஒன்று. அவற்றை எந்தக் கோரில் ஓடவிடுகிறது என்பது மற்றொன்று. பதில்களுக்கு முன் ஒரு சொல்விளக்கம் தேவைப்படுகிறது. ‘செயலி’ என்ற சொல் இன்று கைபேசியில் நிறுவும் ஆப்பையும் குறிக்கிறது, கணினியின் சில்லையும் குறிக்கிறது. குழப்பம் நேராதிருக்க, சில்லைப் புராசஸர் என்றும், அதனுள் இருக்கும் தனித்தனிக் கணிப்பகுதியைக் கோர் என்றும், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைப் புராசஸ் என்றும், அலுவலகங்களில் நாம் பேசுகிறபடியே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மழைமானிகளின் அளவீடுகளைப் படிக்க ஒன்று, வடிகட்ட ஒன்று, கோப்பில் எழுத ஒன்று என மூன்று புரோகிராம்களை, ஒன்றின் வெளியீடு அடுத்ததற்கு உள்ளீடாகும்படி பைப்பால் இணைத்து, ஒரு பாஷ் ஸ்கிரிப்டில் (கட்டளைக் கோப்பில்) வைத்திருக்கிறேன். அது ஓடும் டெர்மினலில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் எல்லாம் நின்றுவிடுகின்றன. வேறொரு டெர்மினலிலிருந்து ஸ்கிரிப்டின் எண்ணைக் கொடுத்து ‘கில்’ கட்டளை இட்டால், ஸ்கிரிப்ட் மட்டும் சாகிறது. மற்ற மூன்றும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இது ஏன், ஐயா?
— பொறியியல் மாணவி, கிண்டி

பதில்: இரண்டும் நிறுத்தச் சொல்லும் செய்திகள்தாம் என்றாலும், அவை போய்ச் சேரும் முகவரிகள் வேறு. நீங்கள் கன்ட்ரோல்-சி அழுத்தும்போது அந்த எழுத்து உங்கள் ஸ்கிரிப்டுக்குப் போவதே இல்லை. கெர்னலுக்குள் டெர்மினலைக் கவனிக்கும் பகுதி அதை வழியிலேயே எடுத்துக்கொண்டு, அந்த டெர்மினலில் இப்போது முன்னணியில் இருக்கும் புராசஸ் குழு எது என்று பார்த்து, அக்குழுவின் உறுப்பினர் அனைவருக்கும் சிக்இன்ட் என்னும் சிக்னலை அனுப்புகிறது. ‘கில்’ கட்டளையோ நீங்கள் கொடுத்த ஓர் எண்ணுக்கு உரிய ஒரே புராசஸுக்கு மட்டும் சிக்டெர்ம் சிக்னலைச் சேர்ப்பிக்கிறது. தாய் இறந்தால் பிள்ளைகளும் இறக்க வேண்டும் என்ற விதி யூனிக்ஸில் என்றுமே இருந்ததில்லை. அனாதையான பிள்ளைகளை வழக்கமாக 1 என்ற எண்ணுடைய முதல் புராசஸ் தத்தெடுத்துக்கொள்ளும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஸ்கிரிப்டை ஓடவிட்டு, பி.எஸ். கட்டளையில் புராசஸ் எண், தாயின் எண், குழு எண் ஆகிய மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். ஸ்கிரிப்டின் எண் 4210 என்றும், மூன்று பிள்ளைகளின் எண்கள் 4211, 4212, 4213 என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு வரிகளிலும் குழு எண் 4210 என்றே இருக்கும். ஏனெனில் டெர்மினலில் உட்கார்ந்து நாம் பேசும் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்), ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு புதிய குழுவை உண்டாக்குகிறது. ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல் அப்படிச் செய்யாமல் தன் பிள்ளைகளைத் தன் குழுவிலேயே வைத்துக்கொள்கிறது. இப்போது 4210-ஐ மட்டும் கொன்றுவிட்டு மறுபடி பாருங்கள். பிள்ளைகளின் தாய் எண் மாறியிருக்கும்; குழு எண் 4210 என்றே நிற்கும். தலைவர் மறைந்தாலும், ஓர் உறுப்பினர் மிச்சமிருக்கும் வரை குழு உயிரோடு இருக்கும். அதுவரை அந்த எண்ணைக் கெர்னல் வேறு எந்தப் புதிய புராசஸுக்கும் கொடுக்காது. ஆகவே எஞ்சியவற்றை நிறுத்த, எண்ணுக்கு முன் கழித்தல் குறி இட்டு, ‘கில் -- -4210’ என்று கட்டளையிட்டால் போதும். எதிர்மறை எண் என்றால் குழு என்று பொருள். முன்னால் உள்ள இரட்டைக் கோடு, அடுத்து வருவதை விருப்பக் குறியாக எண்ணிக்கொள்ளாதே என்பதற்காக.

ஸ்கிரிப்டிலேயே ‘டிராப்’ (சிக்னல் வந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லும் கட்டளை) எழுதிப் பிள்ளைகளைக் கொல்லலாமே என்று தோன்றும். பாஷ் என்னும் ஷெல் முன்னணியில் ஒரு பைப் வரிசை முடிவதற்காகக் காத்திருக்கும்போது சிக்னல் வந்தால், அந்த வரிசை முடிந்த பிறகே டிராப்பில் உள்ளதைச் செய்யும். உங்கள் வரிசை முடிவதே இல்லை. இன்னொரு பள்ளமும் உண்டு: ஸ்கிரிப்டுக்குள் ‘&’ குறியிட்டுப் பின்னணியில் தொடங்கும் புரோகிராம்கள் சிக்இன்ட் சிக்னலைப் புறக்கணிக்கும் நிலையிலேயே தொடங்குகின்றன; அவற்றிடம் கன்ட்ரோல்-சி பெரும்பாலும் பலிக்காது.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் நான் வேலை பார்த்தபோது, இரவுதோறும் ஒரு சேவையை நிறுத்தித் தொடங்கும் ஸ்கிரிப்ட் இதே பிழையோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் இரவும் தாய் மட்டும் சாக, பிள்ளைகள் சேர்ந்துகொண்டே வந்து, எல்லாம் ஒரே பதிவுக் கோப்பில் எழுதின. வரிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்த அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு வட்டில் கோளாறு என்று நாங்கள் இரண்டு நாள் தேடினோம். பி.எஸ். கட்டளையில் குழு எண்ணையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது.

கேள்வி: கல்லூரி ஆய்வகப் பயிற்சிக்காக நானே ஒரு சிறிய ஷெல் எழுதுகிறேன். பிள்ளையைப் புதிய குழுவில் சேர்க்கும் செட்பிஜிஐடி என்னும் கெர்னல் அழைப்பை, தாயில் எழுதுவதா, பிள்ளையில் எழுதுவதா? மேலும், ஒரு கட்டளை முடிந்தவுடன் என் ஷெல்லே அசையாமல் நின்றுவிடுகிறது.
— குரோம்பேட்டை வாசகர்

பதில்: இரண்டிலும் எழுதுங்கள். ஃபோர்க் அழைப்பால் பிள்ளை பிறந்தபின் தாய் முதலில் ஓடுமா, பிள்ளை முதலில் ஓடுமா என்பது நம் கையில் இல்லை. தாயில் மட்டும் எழுதினால், தாய்க்கு முறை வருவதற்குள் பிள்ளை எக்ஸெக் செய்து வேறு புரோகிராமாக மாறிவிடக்கூடும். அதன்பின் தாய் அதன் குழுவை மாற்ற முயன்றால் கெர்னல் அனுமதி மறுக்கும். பிள்ளையில் மட்டும் எழுதினால், குழு உருவாகும் முன்பே தாய் டெர்மினலை அதற்கு ஒப்படைக்கப் பார்த்துத் தோற்கக்கூடும். இரண்டு இடத்திலும் எழுதினால், முந்தியது வேலையை முடிக்கும். பிந்தியதால் கெடுதல் எதுவும் இல்லை, அது தரும் பிழைக் குறியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஷெல் நிற்பதற்குக் காரணம், டெர்மினலைத் திரும்பப் பெறும் கணத்தில் உங்கள் ஷெல் பின்னணிக் குழுவில் இருப்பதுதான். பின்னணியில் இருக்கும் ஒன்று டிசிசெட்பிஜிஆர்பி அழைப்பால் முன்னணியை மாற்ற முயன்றால், கெர்னல் அதன் குழுவுக்குச் சிக்டிடிஓயு சிக்னலை அனுப்பும். அதன் இயல்பான விளைவு நின்றுபோவது. ஷெல் தொடங்கும்போதே அந்தச் சிக்னலைப் புறக்கணிக்கச் சொல்லிவிடுங்கள். ஆனால் பிள்ளை எக்ஸெக் செய்வதற்கு முன் அதை இயல்பு நிலைக்குத் திருப்பிவைக்க மறக்க வேண்டாம். புறக்கணிப்பு எக்ஸெக்கைத் தாண்டியும் ஒட்டிக்கொண்டு வரும்.

கேள்வி: வடபழனியில் திரைப்படப் பின்தயாரிப்பு நிலையம் ஒன்றில் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறேன். எங்களிடம் உள்ள சர்வரில் 2 சாக்கெட்டுகள் (புராசஸர் பொருந்தும் இடங்கள்), ஒவ்வொன்றிலும் 16 கோர்கள், ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெட்டிங்கோடு மொத்தம் 64 லாஜிக்கல் கோர்கள். இரண்டு வீடியோ மாற்றங்களை ஒரே நேரத்தில் ஓட்டும்போது ஒன்றுக்கொன்று இடையூறு செய்யாதிருக்க, டாஸ்க்செட் கட்டளையால் முதல் வேலையை 0 முதல் 15 வரையுள்ள கோர்களில் மட்டும் ஓடும்படியும், இரண்டாவதை 16 முதல் 31 வரையுள்ளவற்றில் மட்டும் ஓடும்படியும் பிணைத்தேன். வேகம் கூடும் என்று நினைத்தால் குறைந்துவிட்டது. எல்எஸ்சிபியு கட்டளை தந்த பட்டியலை இணைத்திருக்கிறேன்: 0, 2, 4 எனச் செல்பவை முனை 0 என்றும், 1, 3, 5 எனச் செல்பவை முனை 1 என்றும் காட்டுகிறது, 0-ம் 32-ம் ஒரே கோர் என்றும் இருக்கிறது.
— வடபழனி வாசகர்

பதில்: பட்டியலை இணைத்து அனுப்பியதற்கு முதலில் நன்றி, விடை முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கோர் எண்களைத் தெருவில் வீட்டு எண்கள் போல நாம் வாசிக்கிறோம்: 15-க்குப் பக்கத்து வீடு 16. கணினியில் அந்த எண்கள் ஃபர்ம்வேர் (கணினியின் பலகையிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) சொன்ன வரிசையில் கெர்னல் இட்ட எண்கள், அவ்வளவே. உங்கள் சர்வரில் இரட்டைப்படை எண்கள் ஒரு சாக்கெட்டிலும் ஒற்றைப்படை எண்கள் மற்றதிலும் இருக்கின்றன. ஆகவே 0 முதல் 15 வரை என்று நீங்கள் போட்ட வேலி, இரண்டு சாக்கெட்டிலும் எட்டெட்டுக் கோர்களைப் பிடித்திருக்கிறது. 16 முதல் 31 வரையும் அப்படியே. பிரிக்க நினைத்த இரண்டு வேலைகளையும், ஒவ்வொரு சாக்கெட்டிலும் அருகருகே உட்காரவைத்து, அந்தச் சாக்கெட்டின் பொதுவான எல்3 கேஷை (கோர்களுக்கு அருகிலுள்ள சிறிய, வேகமான நினைவகத்தை) இரண்டும் பங்குபோடச் செய்துவிட்டீர்கள். 32 முதல் 63 வரையுள்ள எண்கள் முதல் 32 கோர்களின் இரட்டைப் பிறவிகள். அவை இரண்டு வேலிக்கும் வெளியே நிற்கின்றன. பிணைப்பதற்கு முன் கெர்னல் அந்த 64-ஐயும் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

நினைவகத்தின் கதை இதைவிட முக்கியமானது. 2 சாக்கெட் கணினியில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனக்கென்று ஒரு பங்கு நினைவகம் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். மற்ற சாக்கெட்டின் பங்கை எட்ட இணைப்புப் பாதையைக் கடந்து போக வேண்டும், அது மெதுவானது. இவ்வமைப்புக்கு நியூமா என்று பெயர்; உங்கள் பட்டியலில் ஒரு சாக்கெட்டும் அதன் பங்கு நினைவகமும் சேர்ந்ததே ஒரு முனை. ஒரு நினைவகப் பக்கத்தை எந்தக் கோர் முதன்முதலில் தொடுகிறதோ, அக்கோரின் முனையில்தான் லினக்ஸ் வழக்கமாக அப்பக்கத்தை ஒதுக்கும். உங்கள் ஒவ்வொரு வேலையும் இரு சாக்கெட்டிலும் கால் வைத்திருப்பதால், அதன் படச் சட்டகங்களும் இரு பக்கமும் சிதறிக் கிடக்கின்றன.

தியாகராய நகரில் தையற்கடைக்குள் எட்டிப் பார்த்திருப்பீர்கள். தையற்காரர் தம் மிஷினில் அந்தத் துணிக்கு ஏற்ற நூலைக் கோத்து, வெட்டிய துண்டுகளைக் கைக்கெட்டும் இடத்தில் அடுக்கி வைத்திருப்பார். அவரைப் பக்கத்து மிஷினுக்கு மாற்றினால் நூலை மாற்றிக் கோக்கும் நேரம்தான் வீண். தெருவின் மறுகோடியில் உள்ள கடைக்கு மாற்றினால், ஒவ்வொரு துண்டையும் எடுக்க நடந்து வர வேண்டும். முதலாவது கேஷ், இரண்டாவது நியூமா.

செய்ய வேண்டியது இது. டாஸ்க்செட்டை விட்டுவிட்டு நியூமாசிடிஎல் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வேலைக்குக் கோரும் நினைவகமும் முனை 0-லிருந்து மட்டும், இரண்டாவதற்கு இரண்டும் முனை 1-லிருந்து மட்டும் என்று கேட்டுத் தொடங்குங்கள். அப்போது இரட்டைப்படை எண்கள் 32-ம் ஒரு வேலைக்கு, ஒற்றைப்படை எண்கள் 32-ம் மற்றதற்கு. ஒரு முனையின் நினைவகம் அந்த வேலைக்குப் போதுமா என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இறுக்கமாகக் கட்டினால், மறுமுனையில் இடம் இருந்தும் நினைவகம் தீர்ந்துபோகக்கூடும். அடுத்து, உங்கள் மாற்றி மென்பொருள் எத்தனை த்ரெட்களை, அதாவது ஒரே புராசஸுக்குள் தனித்தனியே ஓடும் இழைகளை, தொடங்குகிறது என்று பாருங்கள். சில மென்பொருள்கள் தமக்கு அனுமதிக்கப்பட்ட கோர்களை எண்ணாமல், கணினியில் உள்ளவற்றையே எண்ணி, 32 கோர்களுக்குள் 64 த்ரெட்களைத் திணித்துவிடும். என்ப்ராக் கட்டளை வேலியை மதித்து எண்ணும். அந்த எண்ணை மென்பொருளின் அமைப்பில் நீங்களே எழுதிவிடுவது நல்லது.

ஓடிக்கொண்டிருக்கும் வேலையைப் பிணைக்க ‘பி’ குறியுடன் டாஸ்க்செட் இடுபவர்களும் ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும். லினக்ஸில் பிணைப்பு என்பது த்ரெட்டுக்கு உரியது. அந்தக் கட்டளை முதன்மைத் த்ரெட்டை மட்டும் கட்டும். ஏற்கெனவே பிறந்துவிட்ட மற்றவை சுதந்திரமாகத் திரியும். எல்லாவற்றையும் கட்ட ‘ஏ’ குறியையும் சேர்க்க வேண்டும். பிணைத்த பின் பிறக்கும் பிள்ளைகள் தம்மைப் பெற்ற த்ரெட்டின் வேலியைச் சுமந்தே பிறக்கும். எக்ஸெக் செய்தாலும் அது போகாது.

பிணைப்புக்கான அழைப்பு லினக்ஸில் 2002-இல், 2.5 வளர்ச்சி வரிசையில் வந்தது. அதைக் கேட்டுப் பெறாத புராசஸ்களையும் கெர்னல் கண்மூடித்தனமாகக் கோர் விட்டுக் கோர் தூக்கிப்போடுவதில்லை. தூங்கி எழும் த்ரெட்டை, இயன்றவரை அது கடைசியாக ஓடிய கோரிலோ, அதனோடு கேஷைப் பகிரும் கோரிலோ எழுப்பப் பார்க்கும். அரை மில்லிவினாடிக்குள் ஓடியிருந்த த்ரெட்டின் கேஷ் இன்னும் சூடாக இருக்கிறது என்று கருதி அதை நகர்த்தத் தயங்கும். அந்த அரை மில்லிவினாடி என்பதே கெர்னலில் எழுதப்பட்டுள்ள இயல்பு மதிப்பு. ஆகவே, கையால் பிணைப்பதைக் கடைசி மருந்தாகவே நான் கருதுகிறேன். ஒலிப்பதிவு போல ஒரு துளி தாமதமும் ஆகாத வேலை, நெட்வொர்க் பொட்டலங்களை இடைவிடாது வாங்கும் வேலை, உங்களுடையது போல இரு சாக்கெட்டில் நினைவகத்தை மிகுதியாக மெல்லும் வேலை, இவற்றுக்கு அது பொருந்தும். பிணைக்காமலும் ஒருமுறை, பிணைத்தும் ஒருமுறை, அதே படத்தை ஓட்டி நேரம் குறித்துக்கொண்டு முடிவெடுங்கள்.

கேள்வி: எங்கள் சேவை 32 கோர் கணினியில் ஒரு டாக்கர் கன்டெய்னரில் (புரோகிராமைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டியில்) ஓடுகிறது. 2 சிபியு என்று வரம்பு வைத்திருக்கிறோம். சராசரிப் பயன்பாடு குறைவாகவே இருந்தும், சில கோரிக்கைகள் மட்டும் ஏறக்குறைய 90 மில்லிவினாடி தாமதமாகின்றன. 2 சிபியு என்றால் இரண்டு கோர்தானே?
— சிறுசேரி வாசகர்

பதில்: இல்லை, அது நேர அளவு. ஒவ்வொரு 100 மில்லிவினாடிக் காலத்திலும், எல்லாக் கோர்களிலும் சேர்த்து 200 மில்லிவினாடி ஓடலாம் என்பதே அந்த வரம்பின் பொருள். உங்கள் மென்பொருள் 32 கோர்களைக் கண்டு 32 த்ரெட்களைத் தொடங்கி, எல்லாம் ஒரே சமயத்தில் ஓடினால், 200-ஐ 32-ஆல் வகுக்க, 6.25 மில்லிவினாடியில் அந்த 200-ம் தீர்ந்துவிடும். மிச்சமுள்ள 93.75 மில்லிவினாடியும் அத்தனை த்ரெட்களும் சும்மா நிற்க வேண்டியதுதான். நீங்கள் காணும் தாமதம் அதுவே. த்ரெட்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். அல்லது, உண்மையாகவே இரண்டு கோர்கள்தாம் வேண்டுமென்றால், டாக்கரின் சிபியுசெட் விருப்பத்தால் கோர் எண்களைக் குறிப்பிடுங்கள்.

இந்த நேர வரம்பு, கோர் வேலி இரண்டையும் விதிப்பது சிகுரூப் என்னும் அமைப்பு. பெயரில் குழு என்று இருப்பதால், முதல் கேள்வியில் பார்த்த புராசஸ் குழுவோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். புராசஸ் குழு, சிக்னல் யாருக்குப் போக வேண்டும் என்பதற்காக மட்டும் ஏற்பட்டது. அதற்கு நேர வரம்போ கோர் வேலியோ கிடையாது, குழுவுக்குள் குழுவும் கிடையாது. அதில் இருக்கும் ஒரு பிள்ளை, செட்சிட் அழைப்பு ஒன்றால் வெளியேறித் தனி அமர்வே (புராசஸ் குழுக்களின் தொகுப்பு) தொடங்கிவிடலாம். ‘கில்’ இட்டும் சாகாமல் தப்பும் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படிப் போனவைதாம். சிகுரூப்பில் பிறந்த பிள்ளை அனுமதியின்றி அதைவிட்டு வெளியேற முடியாது. பால் மெனேஜ், ரோஹித் சேத் ஆகிய கூகுள் பொறியாளர்கள் 2006-இல் தொடங்கிய இம்முயற்சி, 2008 சனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் இடம்பெற்றது. இன்று புழங்கும் இரண்டாம் பதிப்பு 2016-இல் 4.5-ஓடு வந்தது. 5.14 முதல், சிகுரூப் ஒன்றில் உள்ள அனைத்தையும் ஒரே கோப்பில் 1 என்று எழுதிக் கொன்றுவிடலாம். இடையில் பிறக்கும் பிள்ளைகளும் தப்பாது.

கேள்வி: பின்னணியில் ஓடும் கம்பைல் வேலைக்கு நைஸ் அளவை (கூடக்கூட முன்னுரிமை குறையும் எண்) 19 ஆக்கியும், மற்றொரு டெர்மினலில் ஓடும் வேலைக்கு வழிவிட மறுக்கிறதே?
— வேளச்சேரி வாசகி

பதில்: உங்கள் கெர்னலில் ஆட்டோகுரூப் இயங்குகிறது என்று நினைக்கிறேன். 2011-இல் 2.6.38-ஓடு வந்த இவ்வசதி, ஒவ்வோர் அமர்வையும் தனிக் குழுவாக்கி, முதலில் அமர்வுகளுக்கிடையே நேரத்தைச் சமமாகப் பங்கிடுகிறது. நைஸ் அளவு அமர்வுக்கு உள்ளேதான் செல்லும். வேறு டெர்மினல் என்றால் வேறு அமர்வு. கெர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் புராக் அடைவில் அந்தப் புராசஸின் எண்ணுக்குக் கீழே ஆட்டோகுரூப் என்று ஒரு கோப்பு இருக்கும். 19-ஐ அதில் எழுதுங்கள், முழு அமர்வுக்கும் செல்லும்.

கேள்வி: விண்டோஸ் சர்வரில் ‘புராசஸர் குழு’ என்று காண்கிறேன். இதுவும் புராசஸ் குழுவும் ஒன்றா?
— அண்ணா நகர் வாசகர்

பதில்: ஓர் எழுத்துதான் வேறுபாடு, பொருள் முற்றிலும் வேறு. விண்டோஸில் கோர் பிணைப்பு 64 பிட் கொண்ட ஓர் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. ஒரு கோருக்கு ஒரு பிட் என்பதால் 64-க்கு மேல் குறிக்க இடமில்லை. எனவே விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 ஆகியவற்றிலிருந்து, அதிகமான லாஜிக்கல் கோர்களை 64-க்கு மிகாத குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு புரோகிராம் தானாகக் கேட்காவிட்டால் ஒரே குழுவுக்குள் அடைபட்டுக் கிடந்தது. விண்டோஸ் 11, சர்வர் 2022 முதல், த்ரெட்கள் இயல்பாகவே எல்லாக் குழுக்களிலும் பரவுகின்றன. புராசஸ்களைக் கூட்டமாகக் கட்டுப்படுத்த விண்டோஸில் உள்ளது ஜாப் ஆப்ஜெக்ட். அது விண்டோஸ் 2000 முதல் இருந்து வருகிறது.

கேள்வி: தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினி ஒன்றில் ஒரு புரோகிராமைக் கோர் 3-இல் மட்டும் பிணைத்திருந்தேன். சோதனைக்காகக் கோர் 3-ஐ ஆஃப்லைன் ஆக்கினேன். புரோகிராம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தேன், நிற்கவில்லை. வேலி என்ன ஆயிற்று?
— அம்பத்தூர் வாசகர்

பதில்: கெர்னலே வேலியை உடைத்தது. ஒரு த்ரெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட கோர்களில் ஒன்றுகூட உயிரோடு இல்லை என்றால், அதை ஓட இடமில்லாமல் முடக்கிவைப்பதைவிட, வேறு கோருக்கு மாற்றி ஓடவிடுவது மேல் என்பது லினக்ஸின் முடிவு. கெர்னலின் பதிவுகளை டிமெசேஜ் கட்டளையில் பாருங்கள். இந்த எண்ணுடைய புராசஸ் இனிமேல் கோர் 3-க்குக் கட்டுப்பட்டதல்ல என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். உங்கள் இயந்திரம் அந்தக் கோரை மட்டுமே நம்பி நேரம் தவறாமல் ஓட வேண்டியது என்றால், அந்த வரி பதிவில் வந்தவுடன் எச்சரிக்கை எழுப்பும்படி அமைத்துவிடுங்கள். கோர் 3-ஐ மீண்டும் உயிர்ப்பித்த பிறகு, பழைய பிணைப்பு தானாகத் திரும்பியிருக்கும் என்று நம்பாமல், புராக் அடைவில் அந்தப் புராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பில் அனுமதிக்கப்பட்ட கோர்களின் பட்டியலைப் பார்த்து, தேவையானால் மறுபடி பிணையுங்கள். புரோகிராமில் பல த்ரெட்கள் இருந்தால், ஒவ்வொன்றின் பட்டியலையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.